சவுதி இளைஞருக்கு ஏன் வேலை இல்லை? ஒரு கடைக்காரர் போடும் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சவுதி அரேபியாவைப் பற்றி நம் நாளேடுகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. பாலைவனத்தில் எழும்பும் புது நகரம், எண்ணெய்ப் பணம், அரச குடும்பத்தின் ஆடம்பரம் என்பது ஒரு வகை. வேலைகளைச் சவுதிக் குடிமக்களுக்கு ஒதுக்கும் "சவுதிமயமாக்கலால் இந்தியர்களுக்கு ஆபத்து" என்பது இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சாதாரண சவுதிக் குடும்பம் இருப்பதே தெரியாமல் போகிறது. 4,000 ரியால் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் பட்டதாரி, அரசு உதவித்தொகையை நம்பி வீட்டு வாடகை கட்டும் விதவை, எட்டுப் பிள்ளைகளோடு தெற்குக் கோடியிலுள்ள ஜாசானில் தகரக் கூரையின் கீழ் வாழும் ஓய்வுபெற்ற சிப்பாய் எல்லோரும் அதே நாட்டின் குடிமக்கள்தான். "அங்கே ஏழைகள்கூட இருக்கிறார்களா?" என்று ஊரில் வியப்போடு கேட்கிறார்கள். இருக்கிறார்கள். அவர்களுடைய வறுமைக்கும் நம் ஆட்கள் அங்கே 1,200, 1,500 ரியாலுக்கு நாள் முழுதும் உழைப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. சம்பளப் பட்டியல், இகாமா எனப்படும் வசிப்பு அனுமதியின் புதுப்பிப்பு, கோசி எனப்படும் சமூகக் காப்பீடு ஆகியவற்றை அன்றாடம் கையாளும் வேலையில் இருப்பதால், அந்தத் தொடர்பைக் கணக்காகவே எழுதிக் காட்ட முடியும் என்று நினைக்கிறோம்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 3.22 கோடிப் பேர். அவர்களில் 1.88 கோடிப் பேர் சவுதிகள், 1.34 கோடிப் பேர் வெளிநாட்டவர். சவுதிகளில் 63 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். வறுமைக்கோடு இதுதான் என்று அரசு எந்தத் தொகையையும் அறிவிப்பதில்லை. மேற்கு ஆசியாவுக்கான ஐ.நா. பொருளாதார, சமூக ஆணையத்தின் மதிப்பீடு சவுதிக் குடிமக்களில் 13 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களை ஏழைகள் என்கிறது. வளைகுடா நாடுகளில் இதுவே அதிகம். 2013 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து கிடைத்த கினி எண் 45.9. எல்லோருக்கும் ஒரே வருமானம் என்றால் அது பூஜ்யம், ஒருவரே அத்தனையும் எடுத்துக்கொண்டால் நூறு. சம்பளத்துக்கு வருமான வரி ஒரு ரியால்கூட இல்லாத நாட்டில் இந்த எண் இப்படி இருப்பதில் ஆச்சரியமில்லை.

வறுமை இருப்பது அரசுக்குத் தெரியாததல்ல. 2002 நவம்பரில், அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அப்துல்லா, ரியாத்தின் ஷுமைசி பகுதிக்குப் போய் ஏழைகளின் வீடுகளைப் பார்த்தார். அது தொலைக்காட்சியிலும் வந்தது. அதுவரை பொதுவெளியில் பேசாத விஷயம் அன்றுதான் பேச்சுக்கு வந்தது. ஆனால் 2011 அக்டோபரில் ரியாத்தின் ஜராதியா பகுதி ஏழைகளைப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்ட மூன்று இளைஞர்கள் சுமார் இரண்டு வாரம் காவலில் வைக்கப்பட்டார்கள். இளவரசர் காட்டினால் செய்தி, இளைஞர்கள் காட்டினால் குற்றம். 2017 ஜனவரியில் தீவிர வறுமை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து ஜாசான் வரை போய்ப் பார்த்தார். உதவித் திட்டங்கள் பல இருந்தும் அவை ஒன்றோடொன்று பொருந்தாமல் சிதறிக் கிடக்கின்றன என்பதே அவர் சொன்னதன் சாரம்.

ஏழைகள் யார் என்பதும் எங்கே இருக்கிறார்கள் என்பதும் ஊரறிந்ததே. ஏமன் எல்லையை ஒட்டிய ஜாசான், நஜ்ரான், அசீர் மலையடிவாரம், வடக்கே எல்லைப்புற மாகாணம், ஜித்தாவின் தெற்குப் பகுதிகள், ரியாத்தில் மன்ஃபூஹா போன்ற பழைய குடியிருப்புகள். கணவன் கைவிட்ட பெண்கள், வெளிநாட்டவரை மணந்த சவுதிப் பெண்களின் குடியுரிமை இல்லாத பிள்ளைகள், பிதூன் எனப்படும் நாடற்றவர்கள். பிதூன்கள் மட்டும் சுமார் 70,000 பேர் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. ஜித்தாவில் 2021 இறுதியில் தொடங்கி 60-க்கும் மேற்பட்ட குடியிருப்புப் பகுதிகளை இடித்தார்கள். பட்டா இல்லாதவர்களுக்கு நில மதிப்பு கிடைக்காமல், கட்டடத்துக்கு மட்டுமே இழப்பீடு என்று ஆனபோது, யார் உண்மையில் ஏழை என்பது தெருவிலேயே தெரிந்துவிட்டது.

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறோம். ரியாத்தில் ஒரு நடுத்தரக் கடைக்காரர் விற்பனைக்கு ஓர் ஆள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சவுதி இளைஞரை எடுத்தால் 4,000 ரியால் சம்பளம். அதற்குக் குறைந்தால், நிறுவனங்கள் இத்தனை சவுதிகளை வைத்திருக்க வேண்டும் என்ற அரசு ஒதுக்கீட்டில் அவர் முழு ஆளாகக் கணக்காகமாட்டார், 3,000-த்திலிருந்து 4,000 வரை அரை ஆள்தான். 2024 ஜூலைக்கு முன்பே கோசியில் சேர்ந்தவர் என்றால் முதலாளி பங்கு 11.75 சதவீதம், அதாவது 470 ரியால். ஆக மாதம் 4,470. இதற்கு மேல் அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு. இளைஞர் பங்கு 9.75 சதவீதம் பிடித்தபின் அவர் கைக்கு வருவது 3,610. சட்டப்படி வாரம் 48 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 208 மணி. மணிக்கு முதலாளிக்கு ஆகும் செலவு 21 ரியாலுக்கு மேல்.

அதே வேலைக்கு வெளிநாட்டவரை எடுத்தால் சம்பளம் 1,500. கோசியில் பணியிட விபத்துக்கான 2 சதவீதம் மட்டும், 30 ரியால். வருடத்துக்கு இகாமா 650, தொழிலாளர் அலுவலகக் கட்டணமான மக்தப் அமல் 9,700 (வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 800 ரியால் என்று அரசு விதிக்கும் லெவியும் இதில் அடக்கம்). இரண்டையும் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 862. மலிவான காப்பீடு, அறையில் ஒரு படுக்கை, இரண்டு வருடத்துக்கு ஒரு விமான டிக்கெட் எல்லாம் சேர்த்தாலும் மொத்தம் 2,750-ஐ ஒட்டித்தான் நிற்கும். அவர் நாளுக்கு 11 மணி நேரம், மாதம் 26 நாள் நிற்பார். 286 மணி. மணிக்கு 10 ரியால்கூட ஆகாது. ஒன்பது பேருக்கு உட்பட்ட சிறு நிறுவனமாக இருந்து, சவுதி முதலாளியே முழுநேரம் கடையில் பதிவாகியிருந்தால், சில தொழிலாளர்களுக்கு அந்த மாதம் 800 ரியால் லெவியும் தள்ளுபடி. அப்போது மணிக்கு 7 ரியாலுக்கும் கீழே.

21-க்கும் 10-க்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் சவுதி இளைஞரின் வேலையின்மை. அவர் சோம்பேறி என்பதோ அவருக்கு ஆங்கிலம் வராது என்பதோ இதற்குப் பின்னால்தான் வரும். எந்த நாட்டுக் கடைக்காரரும் இதே முடிவைத்தான் எடுப்பார்.

இந்த இடைவெளியை மூட அரசு எடுத்த ஆயுதங்கள் இரண்டு. ஒன்று 2011-இல் வந்த நிதாகத், அதாவது ஒதுக்கீடு. மற்றொன்று 2018 முதல் படிப்படியாக ஏற்றிய லெவி. 2018-க்கு முன் மாதம் 200 ரியாலாக இருந்தது 2020-இல் 800 ஆனது. சவுதிகளைவிட வெளிநாட்டவர் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு 700. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு ஆளுக்கு மாதம் 100 என்று 2017 ஜூலையில் தொடங்கி 400 வரை போனது. நம் குடும்பங்கள் கூட்டம்கூட்டமாகத் திரும்பியது இதனால்தான்.

லெவியின் தர்க்கம் எளிது: வெளிநாட்டவரின் விலையை ஏற்றினால் சவுதியை எடுப்பார்கள். நடந்தது வேறு. ஏராளமான சிறு நிறுவனங்கள் லெவியைத் தொழிலாளியின் தலையிலேயே கட்டின. சட்டப்படி இகாமா, லெவி இரண்டும் முதலாளியின் செலவு. ஆனாலும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடிப்பது, "ஃப்ரீ விசா" என்ற பெயரில் வருடத்துக்கு 10,350 ரியாலையும் தொழிலாளியிடமே வாங்கிக் கொண்டு மேலே கபீலுக்கு (விசா தந்த முதலாளிக்கு) மாதம் சில நூறு கேட்பது எல்லாம் சாதாரணம். தொழிலாளி ஏன் ஒப்புக்கொள்கிறார்? ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் இருக்கிறது. இந்தியச் சட்டம் ஏஜெண்ட் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கேட்கப்படுவதோ ஒரு லட்சத்துக்கு மேல். வேறு முதலாளியிடம் போகவும் வழியில்லை, "ஹுரூப்", அதாவது ஓடிப்போனவர் என்ற புகார், போட்டுவிடுவார் என்ற பயம். ஆக, வெளிநாட்டவரின் விலையை ஏற்றக் கொண்டுவந்த லெவி, பல இடங்களில் அவர் கைக்கு வரும் பணத்தைத்தான் குறைத்தது. முதலாளிக்கு ஆகும் செலவு பழையபடி. சவுதி இளைஞர் இன்னும் கடைக்கு வெளியேதான் நிற்கிறார்.

நிதாகத் கொஞ்சம் வேலை செய்தது, நிறையப் பொய்யையும் வளர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தொழில், ஆள் எண்ணிக்கை இவற்றைப் பொறுத்து ஒரு சதவீதம். அதை எட்டினால் பச்சை நிறம், எட்டாவிட்டால் சிவப்பு. சிவப்பில் விழுந்தால் புது விசா கிடையாது, இருப்பவர்களின் வேலை அனுமதியைப் புதுப்பிக்க முடியாது, தொழிலாளர்கள் கபீல் சம்மதமின்றியே வேறு இடம் போகலாம். எனவே மாதக் கடைசியில் மனிதவளப் பிரிவு கேட்பது "வேலைக்கு யார் வேண்டும்?" என்றல்ல, "பச்சைக்கு இன்னும் எத்தனை பேர்?" என்றுதான். முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பி, கல்லூரியில் படிக்கும் பெண், வீட்டில் இருக்கும் சித்தி எல்லோரும் கோசியில் 4,000 ரியால் சம்பளத்தில் பதிவாகிறார்கள். வேலைக்கு வருவதில்லை. கையில் 1,000 அல்லது 1,500 கொடுக்கப்படும். இரு பங்கும் சேர்ந்து கோசிக்கு 860. ஆக மாதம் சுமார் 2,000 ரியாலுக்கு ஒரு "சவுதி" கிடைத்துவிடுகிறார். இதை அங்கே போலிச் சவுதிமயம் என்றே அழைக்கிறார்கள். வேலை செய்யக்கூடிய மாற்றுத்திறனாளி ஒருவரைச் சேர்த்தால் நான்கு பேராகக் கணக்கு என்ற விதியும் உண்டு. நல்ல எண்ணத்தில் வந்த விதி. அவர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டு "வீட்டிலேயே இருங்கள், சம்பளம் வரும்" என்று சொல்லப் பயன்பட்டது.

இதில் ஏமாறுவது அரசு மட்டுமில்லை. பெயர் கொடுத்த இளைஞரும்தான். கோசியில் 4,000 ரியால் வருமானம் என்று பதிவானதும், வேலை தேடுவோருக்கான ஹாஃபிஸ் உதவி கிடைக்காது. 2017 டிசம்பரில் தொடங்கிய "குடிமக்கள் கணக்கு" என்ற அரசு உதவித் திட்டம் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி போடும் தொகையும் குடும்ப வருமானம் கூடியதாகக் கருதிக் குறைந்துபோகும். மனிதவள மேம்பாட்டு நிதியம் புதிய பணியாளர் சம்பளத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு, முதலாளிக்கு மானியம் தருகிறது. அந்தச் சலுகைக் காலமும் இவர் பெயரில் வீணாகத் தீர்ந்துபோயிருக்கும். பிற்பாடு உண்மையான வேலைக்குப் போனால் புது முதலாளிக்கு அவர் மீது மானியம் கிடைப்பது கடினம். இரண்டு வருடம் "அனுபவம்" என்று பதிவு இருக்கும், கையில் தொழில் இருக்காது.

மானியத்தோடு வரும் உண்மையான வேலைக்கும் ஆயுள் குறைவு. மானியம் முடியும் மாதத்தில் ஆளை நிறுத்துவது வாடிக்கை. தொழிலாளர் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, தக்க காரணமின்றி நீக்கினால் காலவரையற்ற ஒப்பந்தத்துக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. 4,000 ரியால் ஆளுக்கு அது 8,000. அந்தத் தொகையை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதி வைத்துவிட்டு ஆள் எடுப்பவர்கள் உண்டு. 77 என்ற எண்ணைச் சொன்னாலே சவுதி இளைஞர்களுக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

"அவர்களுக்கு வேலை செய்ய மனமில்லை" என்ற பேச்சுக்கு வருவோம். நம் ஆட்களிடமும் இது நிறையவே உண்டு. 2010-களின் நடுப்பகுதி வரை வேலையிலிருந்த சவுதிகளில் மூன்றில் இரண்டு பேர் அரசு ஊழியர்கள். 2015-இல் அரசு பட்ஜெட்டில் சம்பளத்துக்கு மட்டும் 45 சதவீதம் போனது. அரசு வேலை என்றால் காலை 7.30 முதல் மதியம் 2.30, வாரம் இரண்டு நாள் விடுமுறை. கடை வேலை என்றால் வாரம் ஆறு நாள், அதிலும் பல இடங்களில் "தவாமைன்": காலையில் ஒரு தவணை, மாலையிலிருந்து இரவு வரை இன்னொன்று. நடுவில் வீட்டுக்குப் போய்வரப் பெட்ரோல் செலவு தனி. கையில் 3,610 வரும். ரியாத்தில் திருமணம், வாடகை, கார் தவணை எதுவும் இதில் நடக்காது. கல்லூரியில் படிக்கும்போது அரசே மாதம் 850 முதல் 1,000 ரியால் வரை உதவித்தொகை தந்திருக்கிறது. வீடு அப்பாவுடையது. இந்த நிலையில் அரசு வேலைக்காக இரண்டு வருடம் காத்திருப்பது அந்த இளைஞருக்கு நியாயமான முடிவாகவே படும். நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. அதோடு, சிபாரிசு, அவர்கள் மொழியில் "வாஸ்தா", இல்லாதவருக்குக் காத்திருப்பு இன்னும் நீளும்.

ஏழைக் குடும்பத்தின் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடந்த பத்தாண்டில் பெரிய மாற்றம் அங்கேதான். 2018-க்கு முன் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 2,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 5 ஹலாலா (100 ஹலாலா ஒரு ரியால்). இப்போது 6,000 யூனிட் வரை 18 ஹலாலா. ஜாசான் வெயிலில் இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்குக் கோடையில் 2,000 யூனிட் சாதாரணம். 100 ரியாலாக இருந்த பில் 360 ஆகி, 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்ந்து 414 ஆகிறது. 91 ரகப் பெட்ரோல் 2015-இல் லிட்டர் 45 ஹலாலா. 2021 ஜூலையில் 2.18 ரியாலில் உச்சவரம்பு வைத்தார்கள். வாட் 2018 ஜனவரியில் 5 சதவீதமாக வந்து, கொரோனா காலத்தில் 2020 ஜூலையில் 15 சதவீதமானது. அதற்குச் சற்று முன், அந்த ஜூன் முதல், அரசு ஊழியர்களுக்கு மாதம் 1,000 ரியாலாகத் தந்த விலைவாசிப் படியும் நின்றது. வாட் பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே வீதம். வருமானம் முழுவதையும் செலவழித்தே தீரவேண்டிய குடும்பத்துக்கு அது வருமானத்தின் மீதே விழும் வரி.

உதவித்தொகை இல்லாமல் இல்லை. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகையை 2022 செப்டம்பரில் 1,100-லிருந்து 1,320 ரியாலாக உயர்த்தினார்கள். சிக்கல் வேறிடத்தில். வீட்டில் ஒரு பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் பதிவானதும் உதவி குறைகிறது. வேலை மூன்று மாதத்தில் போனால் பதிவை மாற்றி, மறுபடி விண்ணப்பித்து, மறுபடி தகுதி பெறும் வரை இரண்டும் கிடையாது. இந்த இடைவெளிக்குப் பயந்தே பல குடும்பங்கள் பதிவில்லாத வருமானத்தை விரும்புகின்றன: பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது, சொந்தக் காரை வாடகைச் செயலியில் ஓட்டுவது, அல்லது தன் பெயரில் ஒரு கடையைப் பதிவு செய்து வெளிநாட்டவரிடம் விட்டுவிட்டு மாதம் ஒரு தொகை வாங்குவது.

கடைசியாகச் சொன்னதுதான் "தசத்துர்", பினாமி வியாபாரம். நம்மவர் பலரின் கடைகள் இப்படித்தான் ஓடின என்பதை மறைப்பதில் பயனில்லை. 2020-இல் வந்த புதிய சட்டம் இதற்கு ஐந்தாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரியால் வரை அபராதமும் விதிக்கிறது. பெயர் கொடுத்த சவுதிக்கும் அதே தண்டனை. மாதம் 1,500 ரியாலுக்காகப் பெயர் கொடுத்த ஏழை, கடையின் வாட் பாக்கியும் வாடகை பாக்கியும் தன் பெயரில் வந்து நிற்கும்போதுதான் விஷயத்தை உணர்கிறார். வாடகை ஒப்பந்தம் "ஈஜார்" என்ற அரசு வாடகைப் பதிவுத் தளத்தில் பதிவானால் அது நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகத்தக்க ஆவணம். வழக்கு நடத்தி நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கிருந்து வங்கிக் கணக்கு முடக்கமும் அரசுச் சேவை நிறுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடனுக்காகச் சிறையில் இருப்பவர்களுக்குப் பொதுமக்கள் பணம் கட்டி விடுவிக்கவென்றே "ஃபுரிஜத்" என்ற அரசுத் தளம் நடக்கிறது. அப்படியொரு தளம் தேவைப்படும் அளவுக்குக் கடனாளிகள் இருக்கிறார்கள் என்பதை யாரும் தலைப்புச் செய்தியாக்குவதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். குடிமக்களின் வேலையின்மை 2020-இன் இரண்டாம் காலாண்டில் 15.4 சதவீதம் வரை போய், 2024 இறுதியில் 7 சதவீதத்துக்கு இறங்கியது. 2025 தொடக்கத்தில் 6.3. பிறகு மறுபடி 7-ஐத் தாண்டியது. தனியார் துறையில் 24 லட்சத்துக்கு மேல் சவுதிகள் இருக்கிறார்கள். இதில் பெரிய பங்கு பெண்களுடையது. 2012-இல் பெண்கள் உள்ளாடைக் கடைகளில் தொடங்கி, 2018 ஜூனில் கார் ஓட்டும் அனுமதி, 2019-இல் 21 வயதான பெண்ணுக்குத் தானே கடவுச்சீட்டு என்று ஒவ்வொரு தடையாக விலகியபோது, ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக வேலைச் சந்தையில் இருந்த சவுதிப் பெண்கள் மூன்றில் ஒருவருக்கும் மேல் ஆனார்கள். ஒதுக்கீட்டைவிட இதுவே குடும்ப வருமானத்தை அதிகம் மாற்றியது என்பது எங்கள் கணிப்பு. இரண்டு 4,000 சேர்ந்தால் வாடகை கட்டலாம். ஆனாலும் 15 முதல் 24 வயது வரையான பெண்களிடையே வேலையின்மை பொதுவிகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான் நிற்கிறது. ஜாசான் கிராமத்துப் பெண்ணுக்கு ரியாத்தின் பேரங்காடி எட்டாத தூரம்.

எண்ணெய் இந்த வேலைகளைத் தராதா என்று கேட்கலாம். அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ 2023-இல் மட்டும் 9,780 கோடி டாலர் பங்காதாயம் கொடுத்தது. அங்கே வேலை செய்பவர்கள் முக்கால் லட்சத்தை ஒட்டித்தான். ஜாசானில் நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலை எழுந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், ஓடத் தொடங்கியபின் தேவைப்படுவது அதைவிட மிகக் குறைந்த ஆட்களே. பக்கத்து ஊர்ப் பட்டதாரிகளில் சிலருக்கே இதில் இடம்.

எனவே எங்கள் கருத்து இது: சவுதி இளைஞருக்கு வேலை வேண்டுமென்றால், முதலில் வெளிநாட்டுத் தொழிலாளி மலிவாக இருப்பது நிற்க வேண்டும். அந்த மலிவை உண்டாக்குவது, தொழிலாளியை விசா தந்த முதலாளியோடு கட்டிப்போடும் கபீல் முறை. 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்தின்படி, ஒரு வருடம் முடிந்தபின் முன்னறிவிப்பு கொடுத்து, "கிவா" என்ற அரசுத் தொழிலாளர் சேவைத் தளம் வழியாக, முதலாளி சம்மதமின்றி வேறு வேலைக்கு மாறலாம். சம்பளம் மூன்று மாதம் வராவிட்டாலோ இகாமா காலாவதியானாலோ உடனே மாறலாம். காகிதத்தில் நல்ல மாற்றம். வீட்டு வேலையாட்கள், வீட்டு ஓட்டுநர்கள், தோட்டக்காரர்கள், மேய்ப்பர்கள் அதில் இல்லை. வீட்டு வேலையில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். சீர்திருத்தத்துக்குள் வருபவர்களிலும், கிவாவில் பதிவான ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. தொழிலாளி சுதந்திரமாக இடம் மாற முடிந்தால் 1,500 ரியால் சம்பளம் தானாக ஏறும், 11 மணி நேரம் தானாக இறங்கும். 21-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி சுருங்கும். அப்போது ஒதுக்கீடு இல்லாமலே கடைக்காரர் உள்ளூர்ப் பையனை ஒருமுறையாவது பார்ப்பார். நம் ஆட்கள் எண்ணிக்கை குறையும் என்பதும் உண்மை. போகிறவர்கள் கொஞ்சமாவது நல்ல சம்பளத்துக்குப் போவார்கள்.

இதைச் சவுதியில் எல்லோரும் ஏற்கமாட்டார்கள். முதலாளிகளின் வர்த்தக அவைகள் லெவிக்கு எதிராகப் பேசும் அளவுக்குக் கபீல் முறைக்கு எதிராகப் பேசியதில்லை. ஏன் பேசுவார்கள்?

உங்கள் நாளேட்டிடம் ஒரு வேண்டுகோள். சவுதிமயமாக்கல் செய்தி போடும்போது நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: எந்தத் தொழில், எத்தனை பேருக்கு மேற்பட்ட நிறுவனத்துக்கு, எத்தனை சதவீதம், குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு. உதாரணமாகப் பொறியாளர் பணியில் 2024 ஜூலை முதல் 25 சதவீதம் என்று வந்தது. அது அப்போது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பொறியாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு, 7,000 ரியால் அடிமட்டச் சம்பளத்தோடு. நான்கு பேர் உள்ள அலுவலகத்தில் இருப்பவர் அன்றே பெட்டி கட்ட வேண்டியதில்லை. அதேபோல் புதிதாகப் போகிறவர்களுக்கு: விசா தரும் நிறுவனத்தின் நிறம் என்ன என்று ஏஜெண்டிடம் கேட்கச் சொல்லுங்கள், சிவப்பு என்றால் இகாமா புதுப்பிக்கவே முடியாது. இறங்கிய மூன்று மாதத்துக்குள் கிவாவில் ஒப்பந்தம் பதிவானதா என்று தொழிலாளியே தன் கைபேசியில் பார்க்கலாம், பதிவாகாவிட்டால் அதுவே இடம் மாற உரிமை தரும். லெவியை முதலாளி சம்பளத்தில் பிடித்தால், வங்கிக் கணக்கில் வந்த தொகையையும் ஒப்பந்தத் தொகையையும் மாதாமாதம் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொழிலாளர் தகராறு மன்றத்தில் முதலில் கேட்கும் சான்று அதுதான். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்த விவரம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவிலும் ஆள்சேர்ப்புப் பிரிவிலும் பணிபுரியும் தமிழர்கள் சிலர்,
ரியாத், தம்மாம்.